கொரோனாவில் அரசு எப்படி நடந்தது என்று செட்டிநாட்டில் யாரிடம் கேட்பது?

கேட்டிருந்த கேள்வி இதுதான்: 2020-ல் அரசு சொன்னதற்கெல்லாம் மக்கள் கட்டுப்பட்டார்கள், கைதட்டினார்கள், விளக்கேற்றினார்கள். 2021-ல் அதே மக்கள் கொதித்தார்கள். இப்போது கேட்டால் "நல்லாத்தான் செஞ்சாக" என்று முடித்துவிடுகிறார்கள். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் மக்களுடைய உண்மையான கருத்துதான் என்ன? அதைக் கணக்கெடுக்க வழி உண்டா?

வழி உண்டு. ஆனால் "அரசின் செயல்பாடு திருப்தியா, இல்லையா" என்று கேட்டுக்கொண்டு போனால் கிடைக்காது. கருத்துக்கணிப்புக் களவேலையில் பல வருடம் இருந்தவன் நான். நான் பார்த்தவரை நம் பக்கத்து மக்கள் மார்க் போட்டது தங்கள் வாசலுக்கு வந்த ஆளுக்கு. வந்தவர் கிராமச் செவிலியர் என்றால் ஒரு மார்க், லத்தியோடு நின்ற போலீஸ்காரர் என்றால் வேறு மார்க். அப்புறம், தனக்குப் போட்ட விதியை மேலே இருப்பவருக்கும் போட்டார்களா என்பதைக் கவனித்தார்கள். எத்தனை பேருக்குத் தொற்று, எத்தனை சாவு என்ற தினசரிக் கணக்கெல்லாம் இந்த இரண்டுக்கும் பின்னால்தான் வந்தது.

முதலில் 2020 மார்ச், ஏப்ரலை எடுத்துக்கொள்வோம். ஆபத்து என்றதும் ஆட்சியில் இருப்பவர் பின்னால் மக்கள் திரள்வது எல்லா நாட்டிலும் நடப்பது. ஜான் முல்லர் என்ற அரசியல் அறிஞர் அமெரிக்க அதிபர்களின் செல்வாக்கை வைத்து 1970-லேயே இதை எழுதியிருக்கிறார். 2020 கோடையில் அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 14 வளர்ந்த நாடுகளில் "உங்கள் நாடு கொரோனாவை நன்றாகக் கையாண்டதா" என்று கேட்டபோது, நடுமதிப்பாக 73 சதவீதம் பேர் ஆமாம் என்றார்கள். டென்மார்க்கில் 95, ஆஸ்திரேலியாவில் 94. கடைசியில் நின்றவை அமெரிக்கா 47, பிரிட்டன் 46. அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. ஆனால் மார்ச் 22 மாலை 5 மணிக் கைதட்டலையும் ஏப்ரல் 5 இரவு 9 மணி விளக்கையும் பார்த்தவர்களுக்கு இங்கேயும் அந்த அலை அடித்தது தெரியும்.

இங்கே ஒரு விஷயத்தைச் சேர்க்க வேண்டும். நம் ஊர்களில் மக்கள் வீட்டுக்குள் இருந்ததை முழுக்க அரசின் மீதான நம்பிக்கை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவதும், வெளியாட்கள் அங்கே போகாமல் இருப்பதும், அந்த வீட்டார் விசேஷங்களுக்கு வராமல் இருப்பதும் நமக்குப் புதிதே இல்லை. 2020 மார்ச்சில் எந்த ஆணையும் வராமலே தெருத் தெருவாக மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள், நிலையில் வேப்பிலை கட்டினார்கள். அரசு சொன்ன "வீட்டிலேயே இரு" என்பது, மக்கள் ஏற்கெனவே வைத்திருந்த வழக்கத்தோடு ஒத்துப்போனது. கட்டுப்பட்டதை ஒப்புதலாக எண்ணினால் கணக்கு முதல் வரியிலேயே தப்பாகிவிடும்.

சரி, வாசலுக்கு வந்த ஆள் விஷயத்துக்கு வருவோம். பெரும்பாலான குடும்பங்களுக்கு அரசு என்பது அந்த மாதங்களில் ரேஷன் கடைதான். 2020 ஏப்ரலில் அரிசி அட்டைக்கு 1,000 ரூபாயும், விலையில்லா அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெயும் கொடுத்தார்கள். கூட்டம் சேராமல் இருக்க டோக்கன் போட்டார்கள். மத்திய அரசு ஆளுக்கு 5 கிலோ தானியம் அறிவித்தது. 2021-ல் ஆட்சி மாறியபின் மே மாதம் 2,000, ஜூன் மாதம் 2,000 என்று 4,000 ரூபாய் வந்தது. இதெல்லாம் வந்து சேர்ந்தது அதே கடை, அதே தராசு, அதே எடையாளர் வழியாக. எந்த அரிசி டெல்லியுடையது, எந்த அரிசி சென்னையுடையது என்று வாங்கியவருக்குத் தெரிய வழியில்லை. அதனால் "மத்திய அரசு எப்படி, மாநில அரசு எப்படி" என்று தனித்தனியாகக் கேட்ட சர்வேக்களில் பதிலாக வந்ததில் பெரும்பகுதி கட்சி விசுவாசம்தான் என்பது என் முடிவு. டோக்கன் ஒழுங்காக வந்ததா, எடை சரியாக இருந்ததா, கடைக்காரர் மரியாதையாகப் பேசினாரா என்று கேட்டிருந்தால் கட்சி கலக்காத பதில் கிடைத்திருக்கும்.

வேலையும் இதில் பெரிய பங்கு வகித்தது. புதுவயலில் அரிசி ஆலைகள் அத்தியாவசியப் பட்டியலில் இருந்ததால் அங்கே வேலை செய்தவருக்கு ஊரடங்கு ஒரு மாதிரி. ஆத்தங்குடியில் கண்ணாடிமேல் சிமென்ட் கலவை ஊற்றி டைல்ஸ் செய்பவருக்கு அது வேறு மாதிரி, கட்டட வேலை நின்றால் அவருக்கு வேலையே இல்லை. கண்டாங்கி நெய்பவருக்குச் சேலை தறியிலேயே நின்றது. எல்லோரையும்விட அடிபட்டவர்கள் கல்யாணச் சமையல்காரர்கள். செட்டிநாட்டுச் சமையல் என்று ஊர் உலகமெல்லாம் பேசுகிறார்கள். அந்தச் சமையலை அண்டாவில் செய்பவர்களுக்குப் பங்குனி கடைசி தொடங்கி வைகாசி, ஆனிவரைதான் சம்பாத்தியம். கல்யாணத்துக்கு 50 பேர், சாவுக்கு 20 பேர் என்று விதி வந்ததும் மேஸ்திரி, அவருக்குக் கீழே காய் நறுக்குகிறவர், பந்தி பரிமாறுகிறவர், பாத்திரம் கழுவும் பெண்கள் என்று ஒரு வரிசையே வீட்டில் உட்கார்ந்துவிட்டது. இவர்களில் பலருக்கு நலவாரியப் பதிவு கிடையாது, ஆகவே வாரியம் கொடுத்த உதவியும் கிடையாது. விதி நியாயமானது என்று இவர்களே ஒப்புக்கொள்வார்கள். அடுத்த வாக்கியத்தில் அரசைத் திட்டுவார்கள். "திருப்தி, அதிருப்தி" என்ற இரண்டு கட்டத்தில் இவர்களை எங்கே வைப்பது?

இ-பாஸ் கதை நம் பகுதிக்கென்றே அமைந்தது. செட்டிநாட்டு ஊர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரண்டு மாவட்டங்களில் கிடக்கின்றன. 2020 ஜூனில் மாநிலத்தை மண்டலங்களாகப் பிரித்தபோது இந்த இரண்டும் வேறு வேறு மண்டலத்தில் விழுந்தன. கானாடுகாத்தானில் இருப்பவருக்குத் திருமயம் கூப்பிடு தூரம், ஆனால் பாஸ் இல்லாமல் போக முடியாது. பெண் கொடுத்த ஊரும் வயல் கிடக்கிற ஊரும் கோட்டுக்கு அந்தப் பக்கம். இந்தக் கோட்டை வரைந்தவர் இங்கே ஒரு நாள்கூடப் பஸ்ஸில் போயிருக்க மாட்டார் என்ற எரிச்சலை நான் எல்லாக் கட்சிக்காரரிடமும் கேட்டிருக்கிறேன். பாஸ் என்ற முறை புதிதும் இல்லை. நூறு வருடத்துக்கு முந்தைய பிளேக் காலத்தில் சென்னை மாகாணத்தில் நோய் கண்ட பகுதியிலிருந்து வருகிறவர்களுக்கு பிளேக் பாஸ்போர்ட் கொடுத்து, போன ஊரில் தினமும் ஆஜராகச் சொன்னார்கள். 2020-ல் பயன்பட்ட சட்டங்களில் அந்தக் காலத்து 1897-ம் வருடத் தொற்றுநோய்ச் சட்டமும் ஒன்று.

இதே இ-பாஸைப் பற்றி ஒரே தெருவில் நேர் எதிரான இரண்டு கருத்து இருந்தது. நம் ஊர்ப் பெரிய வீடுகள் பாதிக்கு மேல் பூட்டியே கிடப்பவை. ஒரு வீட்டுக்குப் பல புள்ளி, அதாவது பங்குள்ள குடும்பம், எல்லாப் புள்ளியும் சென்னையிலோ கோவையிலோ கோலாலம்பூரிலோ இருக்கும். சென்னையில் தொற்று ஏறியதும் சிலர் குடும்பத்தோடு இங்கே வந்து பூட்டைத் திறந்தார்கள். சொந்த வீட்டுக்கு வர மனுப் போட்டு, நிராகரிக்கப்பட்டு, மறுபடி போட்டு வந்தவர்களுக்கு அரசு இரக்கமில்லாதது. அதே தெருவில் நிரந்தரமாக இருப்பவர்களுக்கோ, சென்னையிலிருந்து வந்தவர்களை உள்ளே விட்டதே அரசு செய்த பெரிய தப்பு. தென் மாவட்டங்களில் அந்த ஜூனில் தொற்று ஏறியதில் சென்னையிலிருந்து திரும்பியவர்கள் பங்கு கணிசம் என்பதும் உண்மை. இரண்டு பேரும் "மோசம்" என்ற கட்டத்தில்தான் டிக் போடுவார்கள். ஒருவர் கேட்பது தளர்வை, மற்றவர் கேட்பது இறுக்கத்தை. சதவீதத்தை மட்டும் பார்க்கும் அதிகாரிக்கு இது எப்படித் தெரியும்?

தகரமும் அப்படித்தான். தொற்று வந்த வீட்டு முன்னால் தகரம் அடித்து, ஸ்டிக்கர் ஒட்டினார்கள். பாதுகாப்பு என்று பக்கத்து வீட்டார் நினைத்தார்கள். அந்த வீட்டாருக்கோ ஊர் முன்னால் அவமானம். நம் பக்கம் பரிசோதனைக்கு வராமல் காய்ச்சலை மறைத்தவர்களில் பலர் நோய்க்குப் பயந்ததைவிடத் தகரத்துக்குத்தான் அதிகம் பயந்தார்கள். வீட்டு முன்னால் நோட்டீஸ் ஒட்டத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2020 டிசம்பரில். அதற்குள் முதல் அலையே ஓய்ந்துவிட்டது. இந்த ஒரு விஷயத்தில் நான் நடுநிலை வகிக்க மாட்டேன். தகரம் அடித்தது தவறு. பரிசோதனையை நம்பி வந்தவனைத் தண்டித்த வேலை அது. இத்தனைக்கும் தமிழ்நாடு ஆர்டி-பிசிஆர் பரிசோதனையையே பிடிவாதமாகச் செய்தது, அதில் நாட்டுக்கே முன்னால் நின்றது. அந்த நல்ல வேலையைத் தகரம் கெடுத்தது.

வாசலுக்கு வந்தவர்களில் கெட்ட பேர் அதிகம் வாங்கியது போலீஸ். ஊரடங்கின் முதல் வாரங்களில் லத்தியைச் சிரித்துக்கொண்டே வாட்ஸ்அப்பில் பகிர்ந்தவர்கள் உண்டு. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கடையை நேரம் தாண்டித் திறந்திருந்ததாகச் சொல்லி அழைத்துப்போன தந்தையும் மகனும் காவலில் இறந்தபின் அந்தச் சிரிப்பு நின்றது. மாநிலம் முழுவதும் வணிகர்கள் கடையடைத்தார்கள். விதியை மீறினால் அடி விழலாம் என்று சொல்லிக்கொண்டிருந்த ஆட்களே விதி எதற்கு, யாருக்கு என்று கேட்கத் தொடங்கினார்கள். நல்ல பேர் வாங்கியவர்கள் தூய்மைப் பணியாளர்களும் கிராமச் செவிலியர்களும். வெயிலில் வீடு வீடாக வெப்பமானியோடு வந்தவர், கபசுரக் குடிநீர் ஊற்றிக் கொடுத்தவர், போன் போட்டு மூச்சு வாங்குகிறதா என்று கேட்டவர். இவர்களைக் குறை சொன்ன ஒருவரைக்கூட நான் சந்திக்கவில்லை.

இனி நம் பகுதிக்கே உரிய இன்னொரு பக்கம்: கடல் தாண்டி இருப்பவர்கள். சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களின் ஊர்களில் சிங்கப்பூருக்கோ மலேசியாவுக்கோ ஆள் போகாத தெரு அபூர்வம். இந்த இரண்டு நாடுகளும் மக்கள் கருத்தைப் பற்றி நமக்குச் சொல்லித்தருவது நிறைய.

சிங்கப்பூர் உலகப் பத்திரிகைகளின் பாராட்டைப் பெற்ற நாடு. ஆனால் 2020 ஏப்ரலில் தொழிலாளர் விடுதிகளில் தொற்று வெடித்தது. அந்த ஆண்டு டிசம்பர்வாக்கில் வந்த அரசுக் கணக்குப்படி விடுதித் தொழிலாளர்களில் 47 சதவீதம் பேருக்கு, அதாவது ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று வந்துபோயிருந்தது. மருத்துவம் நன்றாகக் கிடைத்தது, இறப்பு மிகக் குறைவு, சம்பளமும் பலருக்கு வந்தது. ஆனால் நகரம் திறந்த பிறகும் வெகுகாலம் விடுதிக்காரர்களை வெளியே விடவில்லை. 2020 ஜூலை 10 தேர்தலில் ஆளும் மக்கள் செயல் கட்சியின் வாக்கு 2015-ல் இருந்த 69.86 சதவீதத்திலிருந்து 61.24 ஆக இறங்கியது. ஓட்டுப் போட்டவர்களில் விடுதிக்காரர் ஒருவரும் இல்லை. நம் ஊர்ப் பையனின் கருத்து அந்த நாட்டுக் கணக்கிலும் இல்லை, பாஸ்போர்ட்டோடு அங்கே இருந்ததால் இந்த நாட்டுக் கணக்கிலும் இல்லை. அவனைப் பெற்றவர்கள் சிங்கப்பூர் அரசைப் பற்றியும், வெளிநாட்டில் சிக்கியவர்களை அழைத்துவந்த வந்தே பாரத் விமானத்தில் இடம் கிடைக்காத இந்திய ஏற்பாட்டைப் பற்றியும் பேசுவதைக் கேட்டால் எந்தக் கணிப்பிலும் வராத ஒரு கருத்து கிடைக்கும்.

மலேசியா கதை நம் மாவட்டத்தின் பெயரையே இழுத்தது. 2020 ஜூலையில் இந்தியாவிலிருந்து திரும்பிய உணவகக்காரர் ஒருவர் கெடா மாநிலத்தில் வீட்டுத் தனிமையை மீறிக் கடைக்குப் போய்விட்டார். அவர் மூலம் நாற்பதுக்கும் மேற்பட்டோருக்குப் பரவியது. அந்தத் தொற்று வரிசைக்கு மலேசியச் சுகாதார அமைச்சகம் சிவகங்கை என்றே பெயர் வைத்தது. ஆகஸ்டில் அவருக்கு 5 மாதச் சிறையும் 12,000 ரிங்கிட் அபராதமும் விதித்தார்கள். சரிதான் என்று பெரும்பாலோர் சொன்னார்கள். ஆனால் அதே ஆகஸ்டில், துருக்கி போய்வந்து தனிமைப்படுத்திக்கொள்ளாத ஒரு மலேசிய மத்திய அமைச்சருக்கு 1,000 ரிங்கிட் அபராதம் என்று செய்தி வந்தது. கொந்தளிப்பு அங்கேதான் பிறந்தது. தொற்று அப்போது குறைவாகவே இருந்தது, அரசின் கொரோனா நடவடிக்கைக்குப் பாராட்டும் இருந்தது. விதி ஆளுக்கு ஆள் மாறுகிறது என்று தெரிந்த இடத்தில் விரிசல் விழுந்தது. 2021 ஜூன், ஜூலையில் சாப்பாட்டுக்கு இல்லாதவர்கள் வீட்டு முன்னால் வெள்ளைக் கொடி கட்டும் நிலை வந்து, ஆகஸ்டில் பிரதமர் முகைதீன் யாசின் பதவி விலகினார். அதற்குக் கூட்டணிக் கணக்குகளும் காரணம், ஆனாலும் மக்கள் பொறுமை தீர்ந்திருந்தது. பிரிட்டனிலும் இதே கதை. பிரதமரின் ஆலோசகர் டொமினிக் கம்மிங்ஸ் ஊரடங்கில் காரெடுத்துப் போனது 2020 மே மாதம் தெரியவந்தபின் இங்கிலாந்தில் அரசு மீதான நம்பிக்கை சரிந்ததையும், தனி அரசுகள் கொண்ட ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் அப்படிச் சரியாததையும் ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள்.

நம் 2021 கோபத்தையும் இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பிள்ளையார்பட்டியில் 2020 சதுர்த்திக்குப் பக்தர்கள் போக முடியவில்லை, பெரிய கோயில்கள் திறந்ததே செப்டம்பர் 1-ல்தான். கல்யாணத்துக்கு 50 பேர் என்று பங்காளிகளைக்கூட விட்டுவிட்டுத் திருப்பூட்டினார்கள், அதாவது தாலி கட்டினார்கள். அந்த ஜனங்கள் 2021 மார்ச்சில் எல்லாக் கட்சிகளின் பிரச்சாரக் கூட்டத்தையும் பார்த்தார்கள். ஏப்ரல் 6 வாக்குப்பதிவு. ஏப்ரல் 26-ல் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி சஞ்ஜிப் பானர்ஜி, இரண்டாம் அலைக்குத் தேர்தல் ஆணையமே பொறுப்பு என்று கடுமையாகச் சொன்னார். எங்கள் தெருவில் அந்தச் செய்தி பரவிய வேகத்தில் வேறு எந்த நீதிமன்றச் செய்தியும் பரவி நான் பார்த்ததில்லை. அப்புறம் ஆக்சிஜன் படுக்கை தேடி மதுரைக்கும் திருச்சிக்கும் ஓடிய மே மாதம். வீட்டில் ஒருவரை அந்த மாதத்தில் பறிகொடுத்தவரிடம் திருப்தி அளவுகோலை நீட்டுவது மனிதத்தன்மை இல்லாத வேலை.

தேர்தல் முடிவை வைத்துக் கணக்குப் போடலாமே என்பார்கள். அதுவும் ஏமாற்றும். முதல் அலையில் சுகாதார அமைச்சராக இருந்த சி. விஜயபாஸ்கர் பக்கத்து விராலிமலையில் முன்பைவிட அதிக வித்தியாசத்தில் ஜெயித்தார். அவர் கட்சி ஆட்சியை இழந்தது. காரைக்குடியில் காங்கிரஸ் ஜெயித்தது. இதில் எது கொரோனாவுக்கான தீர்ப்பு? டாஸ்மாக் விஷயத்தைப் பாருங்கள். 2020 மே மாதம் கடை திறந்தபோது திமுக எதிர்த்தது. 2021 ஜூன் 14-ல் சிவகங்கை உட்பட 27 மாவட்டங்களில் திமுக அரசு கடை திறந்தபோது மற்றவர்கள் எதிர்த்தார்கள். கட்சிக்காரர்களின் கருத்து நாற்காலியோடு இடம் மாறியது. நம் பக்கத்துப் பெண்கள் மட்டும் இரண்டு முறையும் ஒரே கருத்தில் இருந்தார்கள், அவர்களிடம் கேட்டவர்தான் குறைவு.

தடுப்பூசியிலும் வாயில் வந்த கருத்து வேறு, நடந்தது வேறு. 2021 ஏப்ரல் 15-ல் நடிகர் விவேக் ஊசி போட்டுக்கொண்டு, 17-ல் மாரடைப்பில் இறந்தார். ஊசிக்கும் சாவுக்கும் தொடர்பில்லை என்று மத்தியக் குழு சொல்ல அக்டோபர் ஆகிவிட்டது. இடையில் ஊருக்குள் எங்கே கேட்டாலும் "எனக்கு வேண்டாம்". ஆனால் செப்டம்பர் 12-ல் நடந்த முதல் மெகா முகாமில் 20 லட்சம் இலக்கு வைத்து, 28 லட்சத்துக்கும் மேல் போட்டார்கள். பயம் போய்விட்டதா? பலருக்குப் போகவில்லை. ஊசி தெருமுனைக்கு வந்தது, தெரிந்த செவிலியர் போட்டார், பக்கத்து வீட்டு ஆச்சி முதலில் கையை நீட்டினார்.

ஆக, நீங்கள் கணக்கெடுப்பதாக இருந்தால் வீட்டு எண்ணை வைத்துப் போகாதீர்கள், பூட்டும் காவல்காரரும்தான் கிடைப்பார்கள். போனில் கேட்டால் எடுப்பது ஆண், அதுவும் பெரும்பாலும் வீட்டுக்கு மூத்தவர். அவர் "நல்லாத்தான் செஞ்சாக" என்பார். அறிமுகமில்லாத ஆள் அரசைப் பற்றிக் கேட்டால் ரேஷன் அட்டையில் ஏதாவது கை வைத்துவிடுவார்களோ என்ற யோசனையில் சொல்கிற பதில் அது. ரேஷன் வரிசையில் யார் நின்றார், பாஸுக்கு யார் அலைந்தார், தகரத்துக்குள்ளே யார் இருந்தார், மதுரைக்கு யார் கூட்டிக்கொண்டு போனார் என்று நடந்ததைக் கேளுங்கள். அதிலேயே யார் உதவினார், யார் விரட்டினார் என்பது தானாக வரும். கோபமும் நன்றியும் எந்த ஆள்மேல் என்று குறித்துக்கொண்டே வாருங்கள். சமையல் மேஸ்திரிகளைப் பார்ப்பதாக இருந்தால் ஆடி மாதம் போங்கள், கல்யாண மாதங்களில் அவர்களுக்கு உட்கார்ந்து பேச நேரம் இருக்காது.